ஜொகூர் ரயிலின் பொற்காலம் யாருடையது?

2025ஆம் ஆண்டு டிசம்பரில், இடிஎஸ் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மின்சார விரைவு ரயில் கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியபோது, வடக்கே தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து தெற்கே ஜொகூர் நீரிணை வரை இரட்டைத் தண்டவாளமும் மேலே மின்கம்பியும் கொண்ட பாதை முழுமை பெற்றது. முன்பு அரை நாளையோ ஓர் இரவையோ விழுங்கிய பயணம் ஏறத்தாழ நான்கரை மணி நேரமாகச் சுருங்கியது மலேசிய மக்கள் மகிழ வேண்டிய முன்னேற்றமே. ஆனால் அதே மாற்றத்தோடு, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்காகக் காத்து நின்று, தோட்டப்புறச் சிறு நிலையங்களில் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு, சன்னல் வழியே ரப்பர்க் காட்டின் காற்றை உள்ளே விட்டபடி சென்ற பழைய வண்டிகளைப் பற்றிய ஏக்கமும் மக்களிடையே பெருகியிருக்கிறது. அந்த ஏக்கம் நியாயமானது. எனினும், சொகுசுப் பெட்டியில் பயணம் செய்தவரின் நினைவை மட்டும் போற்றி, அப்பாதையை அமைத்துக் காத்தவரின் உழைப்பை விட்டுவிடும்போது அது பாதி வரலாறாகவே நின்றுவிடுகிறது. ஜொகூரைப் பொறுத்தவரை விடுபட்டுப்போகும் அந்தப் பாதியில் தமிழரின் பங்கு மிகப் பெரியது.

அமெரிக்கா காட்டும் பாடம்

பயணிகள் ரயிலின் பொற்காலம் என்ற எண்ணத்துக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது அமெரிக்காவாகும். 1902இல் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே தொடங்கிய ‘டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட்’ வண்டிக்கு, பயணிகள் நடந்து செல்ல நடைமேடையில் சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது. 1949இல் ஓடத் தொடங்கிய ‘கலிபோர்னியா செஃபிர்’ வண்டியின் கூரையில் கண்ணாடிக் கூடுகள் அமைக்கப்பட்டிருந்ததால், ராக்கி மலைத்தொடரைக் கடக்கும்போது பயணிகள் இருக்கையில் அமர்ந்தபடியே சிகரங்களை அண்ணாந்து பார்க்க முடிந்தது. 1956இல் சட்டமாகிய நாடு தழுவிய நெடுஞ்சாலைத் திட்டமும், அதை அடுத்து வந்த ஜெட் விமானங்களும் பயணிகளைப் பிரித்துக்கொண்டன. 1967இல் தபால் துறை தன் அஞ்சல்களை ரயிலிலிருந்து பெருமளவு விலக்கிக்கொண்டதால் வண்டிகளுக்கு இருந்த நிலையான வருமானமும் போயிற்று. அந்த ஆண்டிலேயே டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட் நிறுத்தப்பட்டது. எஞ்சிய பயணிகள் சேவைகளில் பெரும்பாலானவற்றை 1971 மே 1 முதல் ஆம்டிராக் என்ற புதிய அமைப்பு ஏற்று நடத்தலாயிற்று.

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் புல்மன் பெட்டிகளின் பணியாளர்கள் இருந்தனர். ஜார்ஜ் புல்மன் 1867இல் தொடங்கிய நிறுவனம் படுக்கை வசதி கொண்ட பெட்டிகளைச் செய்து, ரயில் நிறுவனங்களின் வண்டிகளில் இணைத்து ஓட்டியது. அப்பெட்டிகளில் படுக்கை விரிக்கவும், காலணிக்கு மெருகேற்றவும், இரவெல்லாம் அழைப்பு மணிக்கு ஓடி வரவும் கறுப்பின ஆண்களையே அது வேலைக்கு அமர்த்தியது. குறைந்த சம்பளமும் பயணிகள் தரும் சில்லறையுமே அவர்களது வருமானம். அவரவர் பெயரைக் கேட்கவும் பொறுமையின்றி, முதலாளியின் பெயரால் ‘ஜார்ஜ்’ என்றே பயணிகள் அவர்களை விளித்தனர். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் அமைத்த தொழிற்சங்கம், பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937இல் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. இன்று அமெரிக்காவில் அந்தப் பொற்காலத்தைப் பற்றி எழுதும் எவரும் இவர்களைத் தவிர்த்து எழுத முடியாது என்பதும், சிகாகோவிலுள்ள புல்மன் குடியிருப்பு 2015இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது என்பதும் மலேசியத் தமிழர் கருத்தில் கொள்ளத்தக்கவை.

மரத் தண்டவாளம் முதல் கடற்பாலம் வரை

ஜொகூரின் ரயில் கதை இரும்புக்கு முன் மரத்தில் தொடங்குகிறது. பின்னாளில் சுல்தான் ஆன அபு பக்கார், 1869இல் ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாயை நோக்கி மரத் தண்டவாளப் பாதை ஒன்றை அமைக்கத் தொடங்கினார். மலாயாவின் ஈரமும் கறையானும் மரத்தை அரித்துவிட்டதால் அம்முயற்சி நீடிக்கவில்லை. ஆயினும், பேராக்கில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885 ஜூன் 1ஆம் நாள் திறக்கப்பட்ட இரும்புப் பாதைக்கு அது பதினாறு ஆண்டு மூத்தது என்பது குறிப்பிடத்தக்கது. தைப்பிங் பாதையும், அதன்பின் வந்த கோலாலம்பூர்–கிள்ளான், சிரம்பான்–போர்ட் டிக்சன் பாதைகளும் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பதற்காக அமைந்த குறுகிய பாதைகளே. 1901இல் இவற்றில் பெரும்பாலானவற்றை நிர்வகிக்கக் கூட்டு மலாய் மாநில ரயில்வே என்ற ஒரே அமைப்பு உருவானது.

பாதை தெற்கே சிங்கப்பூரை எட்ட வேண்டுமானால் கூட்டு மாநிலங்களைச் சேராத ஜொகூரின் நிலத்தைக் கடக்க வேண்டியிருந்ததால், 1904இல் ஜொகூருடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 120 மைல் நீளத்துக்குக் காட்டையும் சதுப்பையும் ஊடறுத்துச் சென்ற ஜொகூர் மாநில ரயில் பாதை 1909இல் திறக்கப்பட்டது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஒரு மீட்டர். தமிழகத்தில் நீண்ட காலம் வழங்கிய மீட்டர் பாதையும் இதே அளவினதுதான். இன்றைய மின்சார ரயிலும் இதே அகலத்தில்தான் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது.

1909இல் பாதை முடிந்தபோதும் நீரிணை குறுக்கே நின்றது. சிங்கப்பூரில் 1903 முதல் வேறொரு ரயில் ஓடிக்கொண்டிருந்தாலும், இரு கரைகளுக்கும் இடையே பயணிகள் படகில் மாறிச் செல்ல வேண்டியிருந்தது. சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் ஏற்றிக் கடத்தப்பட்டன. ரப்பர் ஏற்றுமதி பெருகப் பெருக இந்த ஏற்பாடு போதாமற் போயிற்று. 1919இல் தொடங்கிய கடற்பால வேலை நான்கு ஆண்டுகளில் முடிந்து, 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளும் அக்டோபர் 1 முதல் பயணிகள் வண்டிகளும் அதன் மேல் ஓடின. முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28ஆம் நாள் நடைபெற்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கற்கட்டு, ஜொகூர் பாருவை ஒரு பாதையின் முடிவிலிருந்து இரு நிலங்களின் வாசலாக மாற்றியது. 1932 மே மாதம் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையம், முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு வெண்சிலைகளோடு, அந்தக் காலத்தின் தன்னம்பிக்கையை அறிவிப்பதுபோல் எழுந்தது.

வண்டிக்குள் ஒரு வாழ்க்கை

1930களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டைத் தீபகற்பத்தின் பயணிகள் ரயிலின் பொற்காலம் எனக் கூறலாம். சிங்கப்பூரில் மாலையில் ஏறி, ஜொகூரின் காடுகளை இருட்டில் கடந்து, விடியலில் கோலாலம்பூரை அடையும் இரவு மெயில் வண்டியே அக்காலத்தின் அடையாளமாக விளங்கியது. மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை, அவற்றை மறைக்கும் திரைச்சீலை, உணவுப் பெட்டியில் பரிமாறப்பட்ட காப்பி ஆகியவை முதல் இரு வகுப்புகளில் சென்றோரின் நினைவு. மூன்றாம் வகுப்பின் மரப்பலகை இருக்கையில் குழந்தைகளை மடியில் கிடத்தி, கட்டுச்சோற்றை விரித்துப் பகிர்ந்து உண்டு சென்றோரின் நினைவு வேறு. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் ரயில் இந்த இரண்டாம் வகை நினைவில்தான் இருக்கிறது.

சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், கெம்பாஸ் பாரு என நீளும் நிலையங்களின் பெயர்களை வரிசைப்படுத்தினால், அது ஜொகூரின் தோட்டப்புற வரைபடமாகவே அமைந்துவிடும். ரப்பர்த் தோட்டங்கள் பாதையை ஒட்டியே பரவின. ரப்பர்த் தகடுகள் ரயிலேறித் துறைமுகம் சென்றன. அரிசியும் செய்தித்தாளும் கடிதமும் அதே ரயிலில் திரும்பி வந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்களைத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்ததும், பின்னர் பிழைத்தவர்களை ஊர் திரும்பத் துறைமுகத்துக்கு அழைத்துச் சென்றதும் பல இடங்களில் ரயில்தான். குளுவாங் நிலையத்தில் 1938இல் தொடங்கிய காப்பிக் கடை, காயா தடவிய ரொட்டிக்கும் கெட்டிக் காப்பிக்கும் பெயர் பெற்று, ரயிலின் பெயரையே தன் பெயராகக் கொண்டு இன்றும் விளங்குவது, நிலையம் என்பது ஊரின் கூடுமிடமாகவும் இருந்ததற்குச் சான்றாகும்.

அந்தப் பயணத்தின் நிதானத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகள் மோதாதிருக்க, இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ‘டோக்கன்’ என்னும் உலோகச் சாவி ஒன்று வழங்கப்பட்டது. இரு நிலையங்களிலுமுள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு சாவி வெளியே இருக்கும்போது மற்றொன்றை எடுக்க இயலாது. சாவி கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அப்பகுதிக்குள் வண்டியைச் செலுத்தக் கூடாது. பெரிய வளையமொன்றில் மாட்டிய அச்சாவியை, நிற்காமல் கடக்கும் வண்டியின் ஓட்டுநர் எட்டிப் பிடிக்கும்படி நிலைய ஊழியர் உயர்த்திக் காட்டுவார். ஓட்டுநர் முந்தைய பகுதியின் வளையத்தை அவரிடம் எறிந்துவிட்டுச் செல்வார். சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இம்முறை 2011 வரை நீடித்தது. இரு மனிதர்களின் கவனத்தை நம்பி நூற்றுக்கணக்கான உயிர்கள் ஒப்படைக்கப்பட்டிருந்த அந்த ஏற்பாட்டில், ரயில்வே ஊழியர்களின் பொறுப்புணர்வு எத்தகையது என்பது தெளிவாகிறது.

தண்டவாளத்தைத் தாங்கிய தமிழர்

மலாயாவின் முதல் இரும்புப் பாதையை அமைக்கவே இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அதன்பின் தென்னிந்தியத் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பான்மையினரான தமிழர்கள், காடு வெட்டி, மண் சுமந்து, சல்லி உடைத்து, சிலிப்பர் கட்டை எனப்படும் குறுக்குக் கட்டைகளை வரிசையாகக் கிடத்தி, அவற்றின்மேல் தண்டவாளத்தைப் பூட்டினர். மலேரியா மலிந்த சதுப்புக் காட்டில் நடந்த இவ்வேலையில் மடிந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

பாதை முடிந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. வெப்பத்தில் இரும்பு விரியும், மழையில் சல்லி சரியும், கட்டை உளுக்கும். எனவே பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கேங்’ எனப்படும் தொழிலாளர் குழுவும் அதை நடத்தும் மண்டோரும் அமர்த்தப்பட்டனர். தங்கள் பகுதியை நடந்து பார்த்து, தளர்ந்த ஆணியை அடித்து இறுக்கி, கட்டைக்கடியில் சல்லியைக் குத்தி நிரப்பி, முளைத்த புல்லைச் செதுக்குவது அவர்களது அன்றாடக் கடமை. பயணி ஒருவர் இரவெல்லாம் குலுங்காமல் உறங்கினார் என்றால், அதற்குக் காரணம் பகலில் வெயிலில் நின்ற இக்குழுக்களே. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்த இலங்கைத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் பணியாற்றினர். தமிழ் பேசும் ஒரே இனத்துக்குள் கையால் உழைத்தவரும் எழுதுகோலால் உழைத்தவரும் இருந்தனர். அவர்களுக்குள் இடைவெளியும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் பதிவு செய்வதே நேர்மையான வரலாறாகும். ரயில்வே குடியிருப்புகளின் அருகே கோயில்கள் எழுந்தன; ரயிலில் பணிபுரிந்த தந்தையின் பிள்ளைகள் படித்து ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் உயர்ந்தனர்.

உரிமைப் போராட்டத்திலும் இவ்வூழியர்கள் பின்தங்கவில்லை. 1962ஆம் ஆண்டின் இறுதியில், தினக்கூலியை மாதச் சம்பளமாக மாற்றக் கோரி மலாயா ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, மூன்று வாரங்களுக்கு நாட்டின் ரயில் போக்குவரத்து முடங்கியது. மழையால் வேலை நின்றால் கூலி இல்லை, நோயில் படுத்தால் வருமானம் இல்லை என்ற நிலையிலிருந்தவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது வெறும் பணக் கணக்கன்று. நிலையான ஊழியர் என்ற மதிப்பும் அதில் அடங்கியிருந்தது. புல்மன் பணியாளர்களின் போராட்டத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குவது பொருத்தமானது.

இருண்ட ஆண்டுகள்

ரயிலின் வரலாற்றில் ஏக்கத்துக்கு இடமில்லாத பக்கமும் உண்டு. 1942 ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடி வைத்து உடைத்தது. சில நாள்களிலேயே ஜப்பானியப் படை நீரிணையைக் கடந்தது. அதே ஆண்டில், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதை ஒன்றை ஜப்பானியர் அமைக்கத் தொடங்கினர். மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் திரட்டப்பட்ட தமிழர்கள் சரக்குப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வடக்கே கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் பல்லாயிரம் பேர் அங்கே மாண்டனர். கெமாஸிலிருந்து தும்பாட் வரை செல்லும் கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டு அங்கே அனுப்பப்பட்டன. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவல் இத்துயரத்தைத் தமிழில் நிலைநிறுத்தியது. பிழைப்புக்காக ஏறிய ரயிலே அழிவுக்கும் இட்டுச் சென்றது என்ற உண்மையையும் சேர்த்தே ரயிலின் நினைவு போற்றப்பட வேண்டும்.

சரிவும் மீட்சியும்

போருக்குப் பின் சீரமைக்கப்பட்ட ரயில்வே, 1957இல் டீசல் மின்இயந்திரங்களைப் பெற்று, படிப்படியாக நீராவியைக் கைவிட்டது. ஆனால் அமெரிக்காவில் நிகழ்ந்ததே இங்கும் சற்றுப் பிந்தி நிகழ்ந்தது. 1994இல் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும், விரைவுப் பேருந்துகள் ரயிலைவிடக் குறைந்த நேரத்தில் கோலாலம்பூரை எட்டின. மலிவு விலை விமானங்கள் எஞ்சிய பயணிகளையும் ஈர்த்தன. எதிர்வண்டிக்காக நின்று நின்று செல்லும் ஒற்றைப் பாதையால் போட்டியிட இயலவில்லை.

2010 அக்டோபரில் ஜொகூர் பாருவின் பழைய நிலையத்துக்கு அருகே ஜேபி சென்ட்ரல் பயன்பாட்டுக்கு வந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2011 ஜூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டி புறப்பட்டது; ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அதனைத் தாமே ஓட்டிச் சென்றார். அதன்பின் ரயில் சிங்கப்பூர்க் கரையிலுள்ள உட்லண்ட்ஸோடு நின்றது. 2015 ஜூலை முதல் ஜேபி சென்ட்ரலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையே ஐந்து நிமிடப் பயணமாக ‘ஷட்டில் தெப்ராவ்’ ஓடலாயிற்று. பின்னர் இரட்டைப் பாதைத் திட்டம் 2025 மார்ச்சில் சிகாமட்டையும், ஆகஸ்டில் குளுவாங்கையும், டிசம்பரில் ஜொகூர் பாருவையும் அடைந்தது. நெடுஞ்சாலையால் தோற்ற ரயில், நெடுஞ்சாலை நெரிசலாலேயே மீண்டும் தேவைப்படும் ஊர்தியாகியிருக்கிறது.

எதைக் காப்பது?

சிங்கப்பூர், தஞ்சோங் பகார் நிலையத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்ததோடு, ரயில் ஓடிய 24 கிலோமீட்டர் நிலத்தை மக்கள் நடந்து செல்லும் பசுமைப் பாதையாகக் காத்துவருகிறது. ஜொகூர் பாருவின் பழைய நிலையக் கட்டடமும் இடிபடாமல் எஞ்சியிருக்கிறது. கட்டடங்களும் இயந்திரங்களும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் கட்டடம் தானாகப் பேசாது. சம்பளச் சீட்டுகள், பணி நியமனக் கடிதங்கள், ரயில்வே குடியிருப்பில் எடுத்த குடும்பப் படங்கள், மண்டோரின் வருகைப் பதிவேடு, ஓய்வு பெற்றவர்களின் வாய்மொழி ஆகியவையே அதற்குக் குரல் தருவன. இவை இன்று அரும்பொருளகங்களில் இருப்பதைவிட வீட்டு அலமாரிகளிலும் முதியோரின் நினைவிலும்தான் அதிகம் இருக்கின்றன. ஒரு தலைமுறை கடந்துவிட்டால் அவற்றில் பெரும்பகுதி மீட்க முடியாமற் போகும்.

ஆகவே, ரயில்வேயில் பணிபுரிந்த பாட்டனோ தந்தையோ உள்ள ஒவ்வொரு குடும்பமும், அவர் எந்த நிலையத்தில், எந்த ஆண்டுகளில், என்ன வேலை செய்தார் என்பதை எழுதி வைக்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்ப்பள்ளிகள் தம் மாணவர்களிடம் இதனை ஒரு பணியாகவே ஒப்படைக்கலாம். தமிழ் அமைப்புகள் அவற்றைத் தொகுத்து, ஜொகூரின் ரயில் வரலாற்றைச் சொல்லும் காட்சியகங்களில் தொழிலாளருக்கென ஓர் இடம் கேட்டுப் பெறலாம். குளுவாங்குக்கோ சிகாமட்டுக்கோ மின்சார ரயிலில் செல்லும் தமிழர், அப்பாதையின் முதல் கட்டையைச் சுமந்தவர் யார் என்பதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்வாராயின், ஜொகூர் ரயிலின் பொற்காலம் அதை உழைத்து உண்டாக்கியவர்களுக்கும் உரியதாகும்.